சாமியிடம் என்ன கேட்பது?

கேள்வி: மயிலாடுதுறையில் வசிக்கிறேன். 27 வருடங்களாகக் கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன். சைவ சித்தாந்தத்தில் முனைவர் பட்டம் வாங்கியவன். போன தை மாதம் அம்மா தவறிவிட்டார். அதன்பின் படித்த எதுவும் மனசில் ஒட்டவில்லை. காவிரிக் கரையில் கீற்றுக் கொட்டகை போட்டு ஒரு வயதான சாமி இருக்கிறார். மூன்று முறை போனேன். இருவினையொப்பு (நல்வினை தீவினைப் பயன்களை ஒன்றுபோலக் கொள்ளும் நிலை) பற்றியும் மலபரிபாகம் (ஆன்மாவைப் பற்றிய மலம் நீங்கும் பக்குவம்) பற்றியும் கேட்டேன். "சாப்பிட்டியா?" என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. மறுபடி போகலாமா? என் மாணவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் சித்தாந்தம் ஒன்றரைப் பக்கம், அம்மா இரண்டே வரி. சாமியிடமும் அப்படித்தான் பேசியிருப்பீர்கள் என்று தோன்றுகிறது. இருவினையொப்பு என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும், வருடா வருடம் வகுப்பில் சொல்கிறீர்கள். விடை தெரிந்த கேள்வியை ஒருவரிடம் கேட்டால் அது பரீட்சை. அந்தப் பெரியவர் பரீட்சை எழுத மறுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

உங்கள் ஊரிலேயே நடந்த கதை ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் இப்போது வேறு மாதிரி கேட்கும். பதினேழாம் நூற்றாண்டில் புலவர் குமரகுருபரர் தருமபுரம் சைவ மடத்துக்கு வந்தபோது சாதாரண ஆளாக வரவில்லை. மதுரையில் திருமலை நாயக்கர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றிவிட்டு வந்தவர். "எவர் முன் உன் வாக்குத் தடைப்படுகிறதோ அவரே உன் குரு" என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது என்பார்கள். மடத்தின் தலைவர் மாசிலாமணி தேசிகர் அவரிடம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. தில்லையில் கூத்தனைக் கண்ட சுந்தரரின் நிலையைச் சொல்லும் "ஐந்துபேர் அறிவும் கண்களே கொள்ள" என்ற பெரியபுராணப் பாட்டை எடுத்து, இதன் அனுபவப் பொருள் என்ன என்றார். சொற்பொருள் குமரகுருபரருக்குத் தெரியாதா? ஆனால் வாய் எழவில்லை. அந்த இடத்திலேயே அடிபணிந்தார்.

அதற்காக அவர் ஏட்டைத் தூக்கி எறிந்துவிடவில்லை. குருவின் சொல்படி சிதம்பரம் போகும் வழியில் வைத்தீசுவரன் கோயிலில் முத்துக்குமாரசுவாமிக்குப் பிள்ளைத்தமிழ் பாடினார், சிதம்பரத்தில் மும்மணிக்கோவை பாடினார். பிறகு காசிக்குப் போய் மடமே கண்டார். திருப்பனந்தாளில் இன்றும் இருக்கும் காசிமடம் அந்த வழியில் வந்ததுதான். ஆகவே, சாமியிடம் போனால் இத்தனை வருடப் படிப்பு வீணாகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு வேண்டாம்.

மறுபடி போங்கள். இந்த முறை நூலை வீட்டில் வைத்துவிட்டு, "அம்மா போய்விட்டாள், என்னால் தாங்க முடியவில்லை" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதுகூட வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். "சாப்பிட்டியா?" என்று அவர் கேட்டதை நீங்கள் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் உங்களை அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று யோசித்தீர்களா?

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நான் அந்தச் சாமியைப் பார்த்ததில்லை. பணமோ நகையோ கேட்டாலும், மனைவியிடம் சொல்லாதே என்றாலும், டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொன்னாலும் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள். துக்கத்தில் இருப்பவரை ஏமாற்றுவது சுலபம், படித்தவரும் அதற்கு விலக்கில்லை. அப்புறம், தூக்கமும் பசியும் இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால் மனநல மருத்துவரையும் பாருங்கள். சாமியிடம் போவதற்கு அது தடையில்லை.

மாணவர்கள் பார்த்தால் பார்க்கட்டும், ஐயா. தருமபுரத்தில் நடந்ததை நாளைக்கு நீங்கள் வகுப்பில் சொல்லும்போது, உங்கள் குரல் மாறியிருப்பதை முதலில் கவனிப்பவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள். போய்வந்த பிறகு முடிந்தால் ஒரு வரி எழுதுங்கள்.