கொங் கிராமத்தில் இரண்டு ராத்திரி

கேள்வி: மகள் டப்ளினில் வேலை பார்க்கிறாள். ஜூனில் நானும் கணவரும் போகிறோம். எங்காவது சந்தடியில்லாத ஒரு கிராமத்தில் இரண்டு மூன்று நாள் இருக்க ஆசை. மாப்பிள்ளை 'கொங்' என்ற ஊரைச் சொல்கிறார். அங்கே எங்கே தங்குவது? என் வீட்டுக்காரர் சுத்த சைவம். நான் முட்டை, மீன் சாப்பிடுவேன். சாப்பாடெல்லாம் மதுக்கடையில்தானாமே, எப்படி உள்ளே போவது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: கொங்கு நாட்டிலிருந்து கொங்குக்கா! மாப்பிள்ளை நல்ல ஊரைத்தான் சொல்லியிருக்கிறார். அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், கோரிப், மாஸ்க் என்ற இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் உள்ள ஒடுக்கமான நிலத்தில் இருக்கிறது. ஐரிஷ் மொழியில் ஊரின் பெயருக்கே அதுதான் பொருள். டப்ளினிலிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பகலில் போய்ப் பகலிலேயே திரும்பினால் சந்தடிதான் கிடைக்கும். 1951-இல் ஜான் ஃபோர்டு 'தி க்வயட் மேன்' படத்தை இங்கே எடுத்தார். ஜான் வெய்ன், மாரீன் ஓஹாரா நடித்தது. அந்தப் படத்துக்காக இன்னும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து அந்த ஜோடியின் சிலைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் அந்த பஸ்கள் கிளம்பிய பிறகுதான் ஊர் ஊராகும். அதனால் இரண்டு ராத்திரியாவது தங்குங்கள்.

தங்க, ஊருக்குள்ளேயே நடந்து போகும் தூரத்தில் ஒரு 'பி அண்ட் பி' பாருங்கள். வீட்டின் சில அறைகளை வாடகைக்கு விட்டு, காலை உணவும் தருவார்கள். ஊர் ஓரத்தில் ஆஷ்ஃபோர்டு கோட்டை இருக்கிறது. 1228-இல் தொடங்கியது, நடுவில் கின்னஸ் பீர் குடும்பத்தின் கையில் இருந்தது, 1939 முதல் ஹோட்டல். அங்கே ஓர் இரவுக்கு ஆகும் பணத்தில் ஊருக்குள் நாலைந்து இரவு தங்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்பது என் கட்சி.

அறை பதிவு செய்யும்போதே "ஒருவர் சைவம்" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காலையில் தட்டு நிறைய பன்றி இறைச்சி வந்து நிற்கும். அதில் கறுப்பாக, வட்டமாக நறுக்கிய வில்லை ஒன்று இருக்கும். பெயர் 'பிளாக் புட்டிங்'. புட்டிங் என்றதும் இனிப்பு என்று நினைக்க வேண்டாம், பன்றி ரத்தமும் தானியமும் சேர்த்துச் செய்தது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஓட்ஸ் கஞ்சி, வதக்கிய காளான், தக்காளி, சோடா ரொட்டி. அந்த ரொட்டியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: ஈஸ்ட் இல்லாமல், மோரும் சமையல் சோடாவும் சேர்த்துச் சுட்டது, மேலே சிலுவை மாதிரி கீறியிருக்கும். சூடாக வெண்ணெய் தடவினால் இரண்டு துண்டோடு நிறுத்த முடியாது.

மதுக்கடை விஷயத்துக்கு வருவோம். நம் டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். 'பப்' என்பது அங்கே ஊர்த் திண்ணை மாதிரி. பாட்டி, பேரன், நாய் எல்லாரும் இருப்பார்கள். நீங்கள் டீ கேட்டாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். படத்தில் 'பாட் கோஹன்' என்ற பெயரில் பப்பாக வந்த கட்டடம் அப்போது மளிகைக் கடை. பின்னால் நிஜமாகவே பப்பாகிவிட்டது! நீங்கள் அங்கே மீன் 'சவுடர்' சாப்பிட்டுப் பாருங்கள், பால் ஆடை சேர்த்த கெட்டி சூப். அவருக்குக் காய்கறி சூப் சொல்லும்போது மட்டும், கோழிச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், ஜூனில் ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தை நம்பி, ஒருமுறை வேறொரு கிராமத்தில் ஒன்பதரைக்குச் சாப்பிடப் போனேன். அடுப்பை அணைத்தாயிற்று என்றார்கள். அன்று இரவு பிஸ்கட்தான். ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். உலாவல் சாப்பாட்டுக்குப் பிறகு.

உலாவ நல்ல இடம் பழைய மடாலயம். அயர்லாந்தின் கடைசிப் பெருமன்னர் ரோரி ஓகானர் கடைசிக் காலத்தை இங்கே கழித்து, 1198-இல் இறந்தார். ஆற்றின் மேலேயே துறவிகள் கட்டிய குட்டிக் கல்வீடு ஒன்று நிற்கிறது. தரையில் ஒரு ஓட்டை, அது வழியாக வலையை இறக்கி மீன் பிடித்தார்களாம். மீன் விழுந்தால் சமையலறையில் மணி அடிக்கக் கயிறு கட்டியிருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அதைத் தாண்டினால் காடு.

வாய்க்கால் பார்த்து வளர்ந்த நீங்கள் அங்குள்ள வறண்ட கால்வாயையும் பார்க்க வேண்டும். பஞ்ச காலத்தில், 1848-இல், இரண்டு ஏரிகளையும் இணைக்கக் கூலிக்கு ஆள் வைத்து வெட்டினார்கள். அடியில் சுண்ணாம்புப் பாறை, ஓட்டை ஓட்டையானது, தண்ணீர் நிற்கவில்லை. அதற்குள் ரயிலும் வந்துவிட, 1854-இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். வேலைப்பாடான கல் மதகுகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

குடை வேண்டாம், காற்று பிய்த்துவிடும். தலைமூடியோடு மழைக்கோட்டு வாங்குங்கள். பருப்புப் பொடி தாராளமாகக் கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் பெட்டியில் வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுவரத் தடை. அந்த ஊர் வெண்ணெயை மகள் வீட்டில் உருக்கிக்கொள்ளுங்கள், வாசனைக்குக் குறைவிருக்காது.