வாசகர் கேள்வி: பள்ளிக் கல்வியும் தேர்தல் அறிக்கையும்

கேள்வி: அரசுப் பள்ளிகளை மேம்படுத்துவோம் என்று ஒரு கட்சி பக்கம் பக்கமாக வாக்குறுதி அளிக்கிறது. அதை எப்படி எடைபோடுவது?

பதில்: முதலில் நிதியைப் பாருங்கள். உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் குறைந்தது 4 முதல் 6 விழுக்காடு, அல்லது அரசின் மொத்தச் செலவில் குறைந்தது 15 முதல் 20 விழுக்காடு கல்விக்குச் செல்ல வேண்டும் என்பது, 2015இல் யுனெஸ்கோவின் முன்னெடுப்பில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட அளவுகோல். அறிக்கையில் தொகையே இல்லையென்றால், அது விருப்பம்தானே தவிர, திட்டம் அன்று.

அதைவிட முக்கியமானது ஆசிரியர் நியமனம். ஒரே அறையில் இரண்டு வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒரு வரிசைக்கு வாய்ப்பாடு சொல்லித்தரும்போது மறு வரிசையைக் கரும்பலகையில் உள்ளதை எழுதச் சொல்லிவிட்டு, எழுதி முடித்த குழந்தை நோட்டை நீட்டியபடி காத்திருப்பதைப் பார்த்தும் திரும்ப முடியாமல் தவிக்கும் ஆசிரியருக்கு, புதிய கட்டடமோ கணினியோ எந்த வகையில் உதவும்? எத்தனை காலியிடங்கள், எந்த ஆண்டுக்குள், நிரந்தரப் பணியிலா தற்காலிகமாகவா என்பதைக் கட்சி சொல்லியாக வேண்டும். கட்டடங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கழிவறை இல்லாத பள்ளியிலிருந்து பெண் குழந்தைகள் நின்றுவிடுகிறார்கள்.

கேள்வி: ஐந்தாண்டுகளில் பலன் தெரியுமா?

பதில்: முழுமையாகத் தெரியாது. பின்லாந்து நாடாளுமன்றம் 1968இல் இசைவளித்த பொதுப்பள்ளி முறை, 1972இல் வடபகுதியில் தொடங்கி 1977இல்தான் நாடு முழுவதையும் எட்டியது. ஆகவே, ஆட்சி மாறினாலும் நிலைக்கும்படி சட்டமாக்கப்போகிறீர்களா என்று வேட்பாளரிடம் கேளுங்கள்.