வன்னியில் கிடைக்கிற சாமான்களை வைத்தே மது கலக்காத மொக்ரெயில் வீட்டில் செய்யலாமா?

கிளிநொச்சிப் பக்கம் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்கு முப்பது பேருக்கு மது கலக்காத கலவைப் பானங்கள் செய்து கொடுக்க வேண்டும், காணொளிகளில் சொல்கிற சிரப் எதுவும் கடைகளில் இல்லை, செய்து பார்த்தால் எல்லாமே வெறும் சர்பத்தாகத்தான் வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யலாம். அந்தச் சிரப்புகள் கிடைக்காததை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். அவற்றில் முக்கால்வாசி சீனியும் நிறமும்தான். உங்கள் பானம் சர்பத்தாகப் போவதற்குக் காரணமே சீனிதான்.

ஒரு கொக்ரெயிலில் இருந்து மதுவை எடுத்துவிட்டால் என்னென்ன போகிறது என்று பாருங்கள். தொண்டையில் இறங்கும் எரிவு போகிறது. கசப்பும் துவர்ப்பும் போகின்றன. வாயில் தங்குகிற ஒரு கனமும் போகிறது. நிறையக் குறிப்புகள் இந்த வெற்றிடத்தை இன்னும் கொஞ்சம் இனிப்பு ஊற்றி நிரப்பிவிடுகின்றன. முதல் மிடறு நன்றாக இருக்கும், அரைக் கிளாஸில் திகட்டிவிடும். போனதை அதனதன் இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். எரிவுக்கு இஞ்சியும் மிளகும். துவர்ப்புக்கு நல்ல கடும் சாயத்தில் போட்டு ஆறவைத்த பிளேன்ரீ. கசப்புக்கு நாரத்தை அல்லது தேசிக்காயின் தோல். கனத்துக்குப் பழப்புளி, விளாம்பழம், தேங்காய்ப்பால். இதில் எதுவும் கொழும்பிலிருந்து வர வேண்டியதில்லை.

அளவுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. புளிப்புச் சுவையுள்ள கொக்ரெயில்களுக்கு மது இரண்டு பங்கு, புளிப்பு ஒரு பங்கு, சீனிப்பாகு ஒரு பங்கு என்பார்கள். மதுவின் இரண்டு பங்கு இடத்தில் பிளேன்ரீயோ பழச்சாறோ வரும். பழச்சாறு வந்தால் பாகை அரைப் பங்காக்கிவிடுங்கள், ஏனென்றால் பழத்திலேயே இனிப்பு இருக்கிறது. சீனிப்பாகு என்பது ஒரு கப் சீனியை ஒரு கப் சுடுதண்ணியில் கரைத்து ஆறவைப்பது, அவ்வளவுதான். குளிர்ந்த பானத்தில் சீனியை அப்படியே போட்டால் கரையாமல் அடியில் கிடக்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இஞ்சிப் புளிப் பாகைச் செய்யுங்கள். இது கோயில் பானகத்துக்குக் கிட்டத்தட்டச் சொந்தம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு நடந்து போகிற வழியில் தண்ணீர்ப்பந்தல்களில் குடித்துப் பழகிய நாக்குக்கு இந்தச் சுவை உடனே பிடிபடும். பழப்புளி 100 கிராமை அரை லீற்றர் சுடுதண்ணியில் ஊறவைத்துக் கரைத்து வடியுங்கள். இஞ்சி 100 கிராமைத் தோலோடு கழுவி, உரலில் தட்டிக் கொள்ளுங்கள். பனங்கட்டி 250 கிராம், முழு மிளகு ஒரு தேக்கரண்டி, தட்டிய இஞ்சி எல்லாவற்றையும் புளிக்கரைசலோடு சேர்த்து, மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி ஆறவைத்து, சீலைத்துணியால் வடித்து, இரண்டு சிட்டிகை உப்புப் போட்டுப் போத்தலில் விடுங்கள். பனங்கட்டியில் தூசி, தும்பு இருக்கும், ஆகவே வடிக்கிற வேலையில் சோம்பல் வேண்டாம். புளி இருப்பதால் அலுமினியச் சட்டி வேண்டாம், எவர்சில்வரோ மண்சட்டியோ நல்லது.

ஒரு கிளாஸுக்கு மூன்று மேசைக்கரண்டிப் பாகு, நிறைய ஐஸ், மேலே 150 மில்லிலீற்றர் இனிப்பில்லாத சோடா. கடைசியாக ஒரு துண்டு தேசிக்காய்த் தோலைக் கிளாஸுக்கு மேலே பிடித்து முறுக்கிவிடுங்கள். தோலில் இருக்கும் எண்ணெய்தான் அந்த மணத்தைத் தருகிறது, சாற்றில் அது இல்லை. வாய்க்குக் கொண்டுபோகும்போது முதலில் மூக்குக்குத்தான் போகும்.

உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனையிறவு உப்பளம் பக்கத்திலேயே இருக்க நாங்கள் பழச்சாற்றுக்கு உப்புப் போடத் தயங்குகிறோம். ஒரு சிட்டிகை உப்புக் கசப்பை அடக்கி, இனிப்பை எடுத்துக் காட்டும். வத்தகப்பழச் சாற்றில் போட்டுப் பாருங்கள், பழமே மாறின மாதிரி இருக்கும். வத்தகப்பழத்தை விதையோடு அரைக்காமல், விதை எடுத்து மசித்து வடித்து, தேசிக்காய், கொஞ்சம் இஞ்சிச்சாறு, உப்பு. கிளாஸின் விளிம்பில் தேசிக்காயைத் தேய்த்து, உப்பும் இடித்த செத்தல் மிளகாயும் கலந்த தூளில் ஒற்றி எடுத்தால் பார்க்கவும் அழகு, ஒவ்வொரு மிடறிலும் அந்த எரிவும் வரும். சிறு பிள்ளைகளின் கிளாஸுக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

விளாம்பழம் என்னுடைய விருப்பம். நன்றாகப் பழுத்ததா என்று தெரிய நிலத்தில் போட்டுப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கும் தெரிந்திருக்கும், பழுத்தது துள்ளாது. ஒரு பெரிய பழத்தின் சதையை இரண்டு கிளாஸ் தண்ணியில் கையால் கரைத்து, விதையும் நாரும் போக வடித்து, பனங்கட்டித் தூள் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காயின் முதற்பால் அரைக் கப், உப்பு, மிளகுத்தூள் ஒரு நுள்ளு. இறுக்கமான மூடியுள்ள ஜாம் போத்தலில் ஐஸோடு போட்டு நன்றாகக் குலுக்குங்கள். ஷேக்கர் வாங்கத் தேவையில்லை. இது சோடா வேண்டாத, தடிப்பான பானம். சின்னக் கிளாஸில் கொடுங்கள். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வந்திருந்தால் மணத்துக்கே மூக்கைப் பொத்துவார்கள், அவர்களை வற்புறுத்த வேண்டாம், பெரியவர்களுக்குக் கூடுதலாக வரும்.

பாலைப்பழக் காலம் என்றால் அதையும் சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதன் பால் உதட்டில் ஒட்டுவதே போதாதா, பிளெண்டரிலும் ஒட்டவைத்து உரஞ்சிக்கொண்டிருக்கவா? அது கையில் அள்ளிச் சாப்பிடுகிற பழம்.

பெயர்பெற்ற பானங்களும் மேசையில் இருக்க வேண்டும் என்றால் இரண்டு போதும். மொஹிட்டோவில் ரம்முக்குப் பதிலாகக் கடும் பிளேன்ரீ நான்கு மேசைக்கரண்டி, தேசிக்காய்ப்புளி இரண்டு, சீனிப்பாகு ஒன்றரை, புதினா, சோடா. புதினாவை இடித்துத் துவைக்காமல், பாகோடு சேர்த்து மெதுவாக அழுத்தினால் போதும், கிழிந்தால் கசக்கும். பீனா கொலாடா புவேர்ட்டோ ரிக்கோவின் பானம். அன்னாசியும் தேங்காயும் அதன் உயிர், இரண்டும் எங்களிடமே இருக்கின்றன. அன்னாசிச் சாறு மூன்று பங்கு, முதற்பால் ஒரு பங்கு, கொஞ்சம் தேசிக்காய், நொறுக்கிய ஐஸ். கலந்தவுடன் கொடுத்துவிடுங்கள், வைத்தால் பிரிந்து நிற்கும். தேங்காய்ப்பால் பிழிய அலுப்பாக இருக்கிறது என்று பசுப்பாலோ தயிரோ ஊற்றாதீர்கள். பச்சை அன்னாசியில் உள்ள ஒரு நொதி பாலின் புரதத்தை உடைத்துக் கசப்பாக்கிவிடும்.

“மது கலக்காத” என்று நீங்கள் அழுத்திக் கேட்டிருப்பதால் இதையும் கவனியுங்கள். குடிபூரலுக்கு விரதகாரர், முஸ்லிம் நண்பர்கள், குடியை விட்டவர்கள், பிள்ளைகள் என்று பலர் வருவார்கள். கருப்பநீர், அதாவது பனையிலிருந்து இறக்கும் பதநீர், அருமையான பானம், இஞ்சிச்சாறும் தேசிக்காயும் சேர்த்தால் வேறு எதுவும் வேண்டாம். ஆனால் முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கியதாக இருக்க வேண்டும். சுண்ணாம்புதான் புளிக்க விடாமல் தடுக்கிறது, அது இல்லாமல் இறக்கியது சில மணித்தியாலத்தில் கள்ளாகிவிடும். காலையில் வாங்கி, தெளியவைத்து, குளிரில் வைத்து, அன்றைக்கே முடித்துவிடுங்கள். ஈஸ்ட் போட்டு வீட்டில் புளிக்கவைக்கிற ஜிஞ்சர் பியரிலும் கொஞ்சம் மது உருவாகும், ஆகவே அதைத் தவிர்த்து இஞ்சிப் புளிப் பாகும் சோடாவும் கலந்தால் போதும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் அங்கொஸ்துரா பிற்றர்ஸ் என்று கசப்புச் சாறுள்ள ஒரு சின்னப் போத்தல் கொண்டுவந்து “ரெண்டு சொட்டுத்தானே” என்பார். அதில் 44.7 வீதம் மது இருக்கிறது. சொட்டு சின்னதுதான், ஆனால் மதுவே இல்லை என்று சொல்லிக் கொடுக்கிற கிளாஸில் அதை விடுவது சரியில்லை. நாரத்தைத் தோலைச் சீவிப் பிளேன்ரீயில் ஊறவைத்தால் அதே வேலையைச் செய்யும்.

பின்வளவில் தனியாக ஒரு கூட்டம் கூடுவதை இந்தப் பானங்கள் தடுக்குமா என்று கேட்காதீர்கள். அது உங்கள் மாமன்மாரைப் பொறுத்தது. ஆனால் அந்தக் கூட்டமே இஞ்சிப் புளிப் பாகைக் கேட்டு ஆள் அனுப்பும். சோடாவோடு சேர்த்தே கலந்து அனுப்பிவிடுங்கள், பாகுப் போத்தலைக் கொடுத்துவிட்டால் உங்களுக்கு மிஞ்சாது.

தண்ணியும் ஐஸும். எங்கள் கிணறுகள் பலதில் சுண்ணாம்புத்தன்மை கூட. அந்தத் தண்ணியில் போட்ட பிளேன்ரீ கலங்கி மேலே ஆடை படியும், ஐஸ் கரையும்போது வெள்ளைப் பொடி மிதக்கும். பாகுக்கும் தேநீருக்கும் ஐஸுக்கும் பில்டர் தண்ணி பாவியுங்கள். ஐஸைச் சின்னத் தட்டில் வைக்காமல், பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் பெரிய கட்டியாக உறையவைத்து உடைத்தால் வன்னி வெயிலுக்குக் கொஞ்ச நேரமாவது தாங்கும், பானமும் சீக்கிரம் தண்ணியாகாது.

முப்பது பேருக்குக் கணக்கு இப்படி. ஆளுக்கு இரண்டு கிளாஸ் என்றால் அறுபது. மூன்று வகை வைத்தால் வகைக்கு இருபது. மேலே சொன்ன இஞ்சிப் புளிப் பாகு ஒருமுறை செய்தால் ஏறக்குறைய 12 கிளாஸ் வரும், ஆகவே இரண்டு மடங்கு செய்யுங்கள், முதல்நாளே செய்து பிரிஜில் வைக்கலாம். இருபது கிளாஸுக்கு மூன்று லீற்றர் சோடா போகும். வத்தகப்பழச் சாறும் தேங்காய்ப்பாலும் அன்றைக்குத்தான். தேசிக்காயை முதல்நாள் பிழிந்து வைத்தால் கசப்பு ஏறும், காலையில் பிழியுங்கள். சோடாவை வாளியில் மொத்தமாகக் கலந்து வைக்காமல், ஆள் வந்த பிறகு கிளாஸில் ஊற்றுங்கள். குளிர்விக்க ஐஸ் போதாவிட்டால் மீனுக்கு விற்கிற பார் ஐஸை வாங்கிப் பெரிய தொட்டியில் போட்டு, போத்தல்களை அதற்குள் வைக்கலாம். அதில் ஒரு துண்டுகூடக் கிளாஸுக்குள் போகாமல் பார்க்க, பொறுப்பான ஒருவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.