ஜப்பானியருக்கு இருப்பது நமக்கு இல்லையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் ஓர் அரசாங்க இலாகாவில் கவுண்டர் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். வேலை கிடைத்தபோது அப்பா செந்தூல் முழுக்க லட்டு கொடுத்தார். இன்று எண் அழைக்கும் குரலைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்கிறது. 'சம்பளம் வருகிறது, பென்ஷன் இருக்கிறது, பேசாமல் இரு' என்கிறார்கள் மூத்தவர்கள். அண்மையில் ஒரு பயிற்சியில் பேசியவர், ஜப்பானிய ஊழியர்களின் ஈடுபாட்டைப் பாருங்கள், நம் பண்பாட்டில் அது கிடையாது என்றார். உண்மையா? வேலையை விட்டுவிட்டுச் சிங்கப்பூருக்குப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பெயர் வேண்டாம், செந்தூல்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பயிற்சியாளர் உதாரணத்துக்குத் தப்பான நாட்டைப் பிடித்துக்கொண்டார். வேலை ஈடுபாட்டை அளக்க உலகெங்கும் பயன்படும் கேள்வித்தாள் ஒன்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் பிறந்தது. உளவியலாளர் வில்மர் ஷாஃபெலியும் அவருடைய கூட்டாளிகளும் உருவாக்கியது. காலையில் எழுந்ததும் வேலைக்குப் போக மனம் வருகிறதா, வேலையில் நேரம் போவதே தெரியாமல் இருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டு, 'ஒருபோதும் இல்லை' என்பதிலிருந்து 'தினமும்' வரை குறிக்கச் சொல்வார்கள். இதில் ஜப்பானியர் வாங்கும் மதிப்பெண் மிகக் குறைவு! உழைப்புக்குப் பெயர்போனவர்களுக்கு ஏன் இந்த நிலை என்று அகிஹிதோ ஷிமாசுவும் ஷாஃபெலியும் மற்றும் சிலரும் ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். தன் உற்சாகத்தைத் தானே எடுத்துச் சொல்ல ஜப்பானியர் கூசுகிறார்கள் என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் பாட்டிமாரிடம் நலம் கேட்டால் 'ஏதோ இருக்கிறேன்' என்பார்கள். அதை வைத்து அவர்களை நோயாளிக் கணக்கில் எழுத முடியுமா?

அரசாங்க ஊழியருக்கென்றே தனியான ஓர் ஊக்கம் உண்டு, பொதுநல எண்ணமும் இரக்கமும் தியாகமும் கலந்தது என்று அமெரிக்காவில் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பெர்ரியும் லோயிஸ் வைஸும் 1990-இல் முன்வைத்தார்கள். அதை ஒரே கேள்வித்தாளாக்கி 12 நாடுகளில் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வந்தது. அந்தச் சொற்களுக்கு நாட்டுக்கு நாடு பொருளும் எடையும் மாறுகின்றன, நேருக்கு நேர் ஒப்பிடுவது சிக்கல் என்றுதான் அதுவும் முடித்தது. பட்டறையில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிவிடும், உங்கள் பயிற்சியாளரைக் குறை சொல்வதற்கில்லை.

அதற்காகப் பண்பாட்டுக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஐ.பி.எம். கணினி நிறுவன ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்தாய்வை வைத்து டச்சு ஆய்வாளர் கீர்ட் ஹோஃப்ஸ்டெட் நாடுகளுக்கு எண் கொடுத்தார். மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் இடையிலான அதிகாரத் தொலைவில் மலேசியாவுக்கு 104. அவருடைய அன்றைய பட்டியலில் அதுதான் உச்சம். அரசாங்கக் கிராணி ஒருவரைக்கூடக் கேட்காமல் வந்த எண் என்பதால் நான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் 'துவான் (ஐயா), இந்தப் படிவம் தேவையே இல்லை' என்று உங்கள் இலாகாவில் கடைசியாக யார் வாய் திறந்து சொன்னார்? பண்பாடு அலுவலகத்துக்குள் நுழைவது அந்த வழியாகத்தான். உற்சாகம் உள்ளவனும் இரண்டு முறை வாயை மூடிக்கொண்டால் மூன்றாம் முறை யோசிப்பதையே விட்டுவிடுகிறான்.

ஓர் இலாகா அலுவலகத்தில் நான் காத்திருந்தபோது முன்னால் ஒரு மூதாட்டி இருந்தார். பிறப்புப் பத்திரத்தில் முனியம்மா, அடையாள அட்டையில் முனிம்மா. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்தக் காலத்துக் கிராணி காதில் விழுந்ததை எழுதினார். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் 'அம்மா, எந்த எஸ்டேட்?' என்று கேட்டார். உள்ளே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார். என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பதை எண் சீட்டின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, அடுத்த தடவை எண் எடுக்காதீர்கள், நேரே என்னிடம் வாருங்கள் என்றார். பக்கத்துக் கவுண்டரில் ஏறக்குறைய இதே சிக்கலோடு வந்தவரின் தாள்களை ஓர் இளைஞர் தலை நிமிராமல் திருப்பித் தள்ளினார். ஒரே நாடு, ஒரே இலாகா, சம்பளத்திலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அந்தப் பெண் தனக்கென்று கொஞ்சம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். சட்டப்படி அவருக்கு அது உண்டா என்பது வேறு விஷயம்.

நைஜீரிய மத்திய அரசின் 4,000-க்கும் மேற்பட்ட திட்டங்களைப் பொருளியலாளர்கள் இம்ரான் ரசூலும் டேனியல் ரோகரும் ஆராய்ந்த கட்டுரை 2018-இல் வெளியானது. அதிகாரிகளுக்குச் சொந்தமாக முடிவெடுக்கும் இடம் கூடுதலாக இருந்த அமைப்புகளில் திட்டங்கள் அதிகம் முடிந்தன. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் கூடிய இடங்களில் குறைவாகவே முடிந்தன. நைஜீரியா வேறு, நாம் வேறு. இருந்தாலும் இதைப் படித்தபோது வருகை நேரம் பதியும் நம் பஞ்ச் கார்டுதான் நினைவுக்கு வந்தது.

ஜப்பானைப் பார் என்று நமக்குச் சொல்லத் தொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் கிழக்கு நோக்கும் கொள்கையை அறிவித்தது 1982-இல். தூய்மை, திறமை, நம்பகம் என்ற இயக்கமும் அதே ஆண்டுதான். பஞ்ச் கார்டும் நெஞ்சில் பெயர்ப் பட்டையும் அந்தக் காலத்தவை. யார் எத்தனை மணிக்கு வந்தார் என்பது அதன்பின் துல்லியமாகத் தெரிந்தது. வந்தவர் எதைத் தானே முடிவு செய்யலாம் என்பது அப்படியே கிடந்தது. 2024 டிசம்பரில் அரசாங்க ஊழியருக்குத் தொடங்கிய புதிய சம்பள முறை பெரும்பாலோருக்கு இரண்டு கட்டங்களில் 15 விழுக்காடு உயர்வு தந்தது. நல்லது, கோலாலம்பூர் வாடகைக்கு அது வேண்டும். ஆனால் சம்பளம் முணுமுணுப்பைக் குறைக்கும், ஈடுபாட்டை உண்டாக்காது என்று அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-இலேயே எழுதினார். எல்லாவற்றிலும் அவருடன் எனக்கு உடன்பாடு இல்லை, இதில் உண்டு.

சிங்கப்பூர் பற்றி: வெள்ளியின் (அவர்கள் டாலரின்) மதிப்புக்காகப் போவதென்றால் தாராளமாகப் போங்கள். உற்சாகத்துக்காக என்றால் கொஞ்சம் பொறுங்கள். ஆண்டுத் தொடக்கத்தில் வேலை இலக்குப் படிவம் நிரப்புவீர்கள் அல்லவா? போன வருடத்துத் தாளைப் பார்த்து நகலெடுக்காமல், இந்த முறை ஒரே ஒரு வரியைச் சொந்தமாகச் சேருங்கள். பெயர் எழுத்து மாறியவர்கள் என்னென்ன ஆவணம் கொண்டுவர வேண்டும் என்று தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கத் தாள், கவுண்டரில் வைக்க. உங்கள் துவான் அந்த வரியை அடித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், அப்போது சிங்கப்பூரைப் பற்றிப் பேசுவோம்.