சரியாகிவிட்டது, நன்றி – கடிதம்

வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சில காலமாக, டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பயனர்களுக்குத் தன்னார்வலனாக உதவி வருகிறேன். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. வைஃபை வரவில்லை, திரை கறுத்துவிட்டது, அப்டேட் பாதியில் நின்றுவிட்டது என்று வருகிறவர்களுக்கு வழி சொல்வேன். அடிக்கடி வரும் சிக்கல்களுக்கான கட்டளைகளை ஒரு கோப்பில் தொகுத்து வைத்திருப்பதால் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க முடிகிறது. பெரும்பாலும் சரியாகிவிடுகிறது.

சென்ற மாதம் ஒருவருடைய மடிக்கணினி கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) அப்டேட்டுக்குப் பிறகு தூக்கத்திலிருந்து எழவில்லை. என் கோப்பில் இருந்த எதுவும் பலிக்கவில்லை. அவர் சார்பில் ‘கிரிட்டிகல்’ என்று குறித்து டெபியனுக்கு வழு (பிழை) அறிக்கை அனுப்பினேன். மறுநாளே அதை ‘நார்மல்’ என்று இறக்கி, ‘மோர்இன்ஃபோ’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டார்கள். ஒரு ஆறுதல் வார்த்தைகூட இல்லை. மனம் விட்டுப்போயிற்று.

நான் சி நிரல்மொழி கற்றுக்கொண்டால்தான் மதிப்பார்களா? வேறு டிஸ்ட்ரோவுக்கு (வேறு லினக்ஸ் வகைக்கு) போய்விடலாமா? மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர்களுக்குப் பொறுப்பே கிடையாதா? பெரிய நிறுவனங்கள் இதை வைத்துச் சம்பாதிக்கும்போது நாம் ஏன் சும்மா உழைக்க வேண்டும்?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அவற்றுக்காக அல்ல. போகிற போக்கில் ஒரு கோப்பைப் பற்றிச் சொன்னீர்களே, அதற்காக. கொஞ்ச நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் விஷயம் அது.

மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன். சி ஆசையிருந்தால் படியுங்கள், இந்த வேலைக்கு வேண்டியதில்லை. வேறு டிஸ்ட்ரோவிலும் இதே கெர்னல்தான், இதே மடிக்கணினிதான். நிறுவனங்கள் சம்பாதிக்கட்டும்; யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்பதைத்தானே கட்டற்ற உரிமம் சொல்கிறது? பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்று டெபியனின் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இல்லாத கட்டாயம் பராமரிப்பாளருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

‘கிரிட்டிகல்’ என்று குறித்தது தப்பு. அவசரத்தைக் காட்டுவதற்கான சொல் இல்லை அது. அந்தத் தொகுப்பை (நிறுவும் மென்பொருள் பொதியை) நிறுவியதால் சம்பந்தமில்லாத மென்பொருளோ முழு அமைப்போ உடைய வேண்டும், அல்லது தரவு பெரிய அளவில் அழிய வேண்டும், அல்லது பாதுகாப்பில் ஓட்டை விழ வேண்டும். அந்தக் குறி இருந்தால் தொகுப்பு, அடுத்த வெளியீட்டுக்குத் தயாராகும் ‘டெஸ்டிங்’ கிளைக்குப் போவது தடைபடும். வழுக்களைப் பற்றி எச்சரிக்கும் ஏபிடி-லிஸ்ட்பக்ஸ் கருவியை வைத்திருப்பவர்களுக்கெல்லாம் நிறுவும்போது எச்சரிக்கை வரும். ஒரு மாடல் கணினி தூங்கி எழவில்லை என்பதற்காகவா? பராமரிப்பாளர் அதை இறக்கியது சரி. ‘மோர்இன்ஃபோ’ என்பது கதவை மூடுவதும் அல்ல. “இன்னும் சொல்லுங்கள்” என்கிறார். நீங்கள் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

ஏன் சொல்லவில்லை என்றால், சொல்ல உங்களிடம் ஒன்றுமே இல்லை. கோப்பில் இருந்ததை வரிசையாகப் போட்டுப் பார்த்தீர்கள், பலிக்கவில்லை, அவ்வளவுதான். எந்தக் கெர்னல் வரை எழுந்தது, எதிலிருந்து எழவில்லை? தெரியாது. எழவில்லையா, எழுந்தும் திரை வரவில்லையா? அதுவும் தெரியாது. ஆர்., நீங்கள் இதுவரை கொடுத்ததெல்லாம் தாயத்து.

பூட் பகிர்வு (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் வட்டுப் பகுதி) நிறைந்து அப்டேட் பாதியில் நிற்பதையே எடுத்துக்கொள்வோம். உங்கள் கோப்பில் இதற்கு என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பூட் கோப்புறைக்குள் போய்ப் பழைய கோப்புகளை அழி. இடம் கிடைக்கும், அப்டேட் ஓடும், அவர் “சரியாகிவிட்டது, நன்றி” என்று போய்விடுவார். ஆனால் தொகுப்புகளை நிறுவி நீக்கும் டிபிகேஜியின் கணக்கில் அந்தக் கெர்னல் இன்னும் இருக்கிறது. அடுத்த தடவை எல்லா இனிட்ராம்எஃப்எஸ்-களையும் (ஒவ்வொரு கெர்னலும் தொடங்க உதவும் கோப்புகளையும்) புதுப்பிக்கும்போது சிக்கல் வேறு முகத்தோடு வரும். செய்ய வேண்டியது இது: இப்போது ஓடும் கெர்னல் எது என்று பார்த்து, அதையும் இன்னொன்றையும் விட்டுவிட்டு, மிகப் பழையதைத் தொகுப்பாகவே நீக்க வேண்டும். பாதியில் நின்ற தொகுப்பைக் காட்டி, டிபிகேஜிக்கு மேலிருந்து வேலை வாங்கும் ஏபிடி முரண்டு பிடித்தால், அந்த ஒரு பழைய கெர்னலை டிபிகேஜி வழியாக நேரடியாக நீக்கி, பிறகு மிச்சமிருக்கும் அமைப்பு வேலைகளை முடிக்கச் சொல்ல வேண்டும். அதோடு எழுந்துவிடவும் கூடாது. பகிர்வு ஏன் நிறைந்தது? வேண்டாத தொகுப்புகளை நீக்கும் ஆட்டோரிமூவ் ஓடவே இல்லையா, அல்லது பகிர்வே சிறியதா? டெபியன் 13-இன் வெளியீட்டுக் குறிப்பு பூட் பகிர்வு 768 எம்பியாவது இருக்கட்டும், அதில் 300 எம்பி அளவு காலியாக இருக்கட்டும் என்கிறது. பழைய நிறுவலில் அரை ஜிபி கூட இல்லாத பகிர்வுகள் ஏராளம். இனிட்ராம்எஃப்எஸ் அமைப்பில் ‘மோஸ்ட்’ என்பதை ‘டெப்’ என்று மாற்றினால் கோப்பு சுருங்கும். ஆனால் அந்த வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம் என்பதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்காது. கட்டளை மட்டும்தான் இருக்கும். அது ஊசிப்போயும் இருக்கும். ‘சிஸ்லாக் கோப்பைப் பார்’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். டெபியன் 12 முதல் புதிய நிறுவலில் அந்தப் பதிவுக் கோப்பை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக வருவதில்லை, அந்தக் கோப்பே இருக்காது. வைஃபை வரவில்லை என்றால் ‘நான்-ஃப்ரீ’ என்ற, கட்டற்றதல்லாத தொகுப்புகளின் பகுதியைச் சேர்க்கச் சொல்வீர்கள். அதே 12-இல் ஃபர்ம்வேருக்கென்று (வன்பொருளுக்குள் ஏற்றும் மென்பொருளுக்கென்று) ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்று தனிப் பகுதி வந்துவிட்டது. 11-இலிருந்து ஏறியவர் அதைச் சேர்க்காவிட்டால் பழைய ஃபர்ம்வேரே கிடக்கும், புதிய கெர்னல் தேடும் கோப்பு கிடைக்காது. எந்தக் கோப்பு கிடைக்கவில்லை என்று கெர்னல் தன் பதிவில் பெயர் சொல்லியே புலம்பியிருக்கும். அதை யார் படித்தீர்கள்? அனுமதிச் சிக்கலுக்கெல்லாம் ‘சிஎச்மோட் 777’ (யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதி) என்றும் ஒரு வரி இருந்தால் தயவுசெய்து இன்றே அழியுங்கள். முழு அமைப்பிலும் அதை ஓட்டினால் நிர்வாகி அதிகாரம் தரும் சுடோ தன் சிறப்பு அனுமதிக் குறியை இழந்து வேலை செய்ய மறுக்கும், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் தன் தனிச் சாவியைத் தொடாது. அங்கிருந்து மீள்வதைவிடப் புதிதாக நிறுவுவது சுலபம்.

சரி, உங்கள் மடிக்கணினிக்கு வருவோம். முதல் வேலை, கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் கூடுதல் விருப்பங்களுக்குள் போய்ப் பழைய கெர்னலில் பூட் செய்து தூங்க வைப்பது. அதில் எழுந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. அடுத்தது, புதிய கெர்னலில் தூங்கவைத்து எழுப்பித் திரை கறுப்பாக இருக்கும்போது கேப்ஸ் லாக்கை அழுத்துங்கள். விளக்கு மாறுகிறதா? இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் நுழைய முடிகிறதா? முடிந்தால் கணினி எழுந்துவிட்டது, திரை மட்டும் வரவில்லை. தேட வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவரில்.

இரண்டும் இல்லை என்றால் பவர் பொத்தானை அமுக்கிப் பிடிக்கத்தான் கை போகும். அதற்கு முன் ஆல்ட், சிஸ்ஆர்க்யூ இரண்டையும் பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி மூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். கெர்னலில் கொஞ்சமாவது உயிர் இருந்தால், வட்டில் எழுதாமல் நிற்பது எழுதப்பட்டு, கணினி மீண்டும் பூட் ஆகும். டெபியனின் இயல்பு அமைப்பில் இந்த மூன்றுக்கும் அனுமதி உண்டு. இது ஏன் முக்கியம் என்றால், கணினியின் பதிவேடான ஜர்னல் சாதாரணச் செய்திகளை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் வட்டில் உறுதிப்படுத்தும். பொத்தானை அமுக்கிக் கொன்றால் தூங்கப் போன வரி இருக்கும், எழுந்த வரி தொலைந்திருக்கும். அதைப் பார்த்து ‘கணினி எழவே இல்லை’ என்று அறிக்கையில் எழுதுவீர்கள். பராமரிப்பாளர் இல்லாத இடத்தில் தேடுவார்.

பிறகு ‘சிஸ்’ கோப்புறையின் ‘பவர்’ பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே ‘மெம்_ஸ்லீப்’ கோப்பில் எஸ்2ஐடில், டீப் என்ற தூக்க முறைகளில் எது நடப்பில் இருக்கிறது என்று அடைப்புக்குறி காட்டும். பக்கத்திலேயே ‘பிஎம்_டெஸ்ட்’ இருக்கிறது. அதில் ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம் என்று ஒவ்வொரு படியாக எழுதிவிட்டுத் தூங்க வைத்தால், அந்தப் படி வரை மட்டும் போய், ஐந்து நொடி நின்று திரும்பிவிடும். ஃப்ரீசரில் திரும்பி டிவைசஸில் திரும்பவில்லை என்றால் ஏதோ ஒரு டிரைவர்தான் ஆள். முடிந்ததும் ‘நன்’ (none) என்று எழுதி வைக்க மறக்காதீர்கள். மறந்தால் அந்த பூட் முழுக்கக் கணினி தூங்கியும் தூங்காமலும் கிடக்கும்.

இனிதான் சி தெரியாதவர் செய்யக்கூடிய, சி தெரிந்தவர்களுக்கு நேரம் கிடைக்காத வேலை. டெபியனில் வந்த பழைய தொகுப்புகள் எல்லாம் ஸ்னாப்ஷாட் சேமிப்பகத்தில் தேதிவாரியாக இருக்கின்றன. நல்ல கெர்னலுக்கும் கெட்ட கெர்னலுக்கும் நடுவில் பதினைந்து பதிப்புகள் என்றால் பாதிப் பாதியாகப் பிரித்து நான்கு சோதனையில் குற்றவாளியைப் பிடித்துவிடலாம். கெர்னல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் என்பதால் ஆபத்தில்லை. மற்ற தொகுப்புகளில் இதைச் செய்யாதீர்கள், பதிப்பைக் கீழிறக்குவதை டெபியன் ஆதரிப்பதில்லை. செய்தே ஆக வேண்டுமென்றால் அவற்றை மெய்நிகர் கணினியில் செய்யுங்கள். இன்னும் உள்ளே போக வேண்டுமென்றால், கெர்னலின் மூல நிரலில் நடந்த மாற்றங்களையே இப்படிப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் கிட் பைசெக்ட். பத்தாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு முறை கம்பைல் செய்து (மூல நிரலிலிருந்து கெர்னலை உருவாக்கி) சோதித்தால் ஒற்றை மாற்றத்தில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் முழுக் கெர்னலையும் கம்பைல் செய்து சாக வேண்டாம்; ‘லோக்கல்மாட்கான்ஃபிக்’ அப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை (டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளை) மட்டும் வைத்துக்கொள்ளும். அதனால்தான் அதை ஓட்டும் நேரத்தில் பென்டிரைவ் முதல் எல்லாவற்றையும் செருகி வைத்திருக்க வேண்டும். இல்லாதது விடுபட்டுப்போகும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐந்து முறைக்கு ஒரு முறைதான் எழவில்லை என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை எழுந்துவிட்டது, ஆகவே ‘நல்லது’ என்று குறிக்கிறீர்கள். கெட்ட கெர்னல் அப்படித் தப்பிக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. இருபது முறை சோதித்தால்தான் அது நூற்றில் ஒன்றாகக் குறையும். ஒரு தப்புக் குறி போதும், அதற்குப் பின் செய்த எல்லா கம்பைலும் வீண். உட்கார்ந்து மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கணினியைத் தூங்கவைத்து எழுப்பும் ஆர்டிசிவேக் கருவியிடம் இருபது நொடி தூங்கி எழச் சொல்லி ஒரு சுழற்சியில் விட்டுவிடலாம். மூடியைத் திறக்கும்போது மட்டும் வரும் கோளாறு அதில் அகப்படாது, அதற்குக் கைதான். கம்பைலே ஆகாத பதிப்பைக் ‘கெட்டது’ என்று குறிக்காமல் ‘ஸ்கிப்’ செய்யுங்கள்.

எச்சரிக்கையை அடக்குவதற்கும் விசாரிப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று டெபியனின் வரலாற்றிலேயே இருக்கிறது. 2006-இல், மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில் வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி ஓர் எச்சரிக்கை காட்டியது. அதை நிறுத்துவதற்காக டெபியனில் சில வரிகளை முடக்கினார்கள். எச்சரிக்கை நின்றது. கூடவே, சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையும் போயிற்று. மிஞ்சியது, ஓடும் நிரலுக்கு அமைப்பு கொடுக்கும் எண் (பிஐடி) மட்டும். ஒரு வகைச் சாவிக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் சாத்தியங்கள்தான். அது வெளியே தெரிந்தது 2008 மே 13 அன்று. 2024-இல், தன் கணினியில் டெபியனின் சிட் என்ற வளர்நிலைக் கிளையை வைத்திருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற நிரலாளர், போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வேலைக்காக எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்தார். சில வாரங்களுக்கு முன் வால்கிரைண்ட் காட்டிய ஒரு விநோதமான புகாரும் அவர் நினைவில் இருந்தது. இரண்டையும் சேர்த்துத் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைத்த பின்கதவு அகப்பட்டது. மார்ச் 29 அன்று அறிவித்தார். எஸ்எஸ்எச் மெதுவாக இருக்கிறது என்று உங்களிடம் வந்திருந்தால்? ‘யூஸ்டிஎன்எஸ்’ என்ற எஸ்எஸ்எச் அமைப்பை அணை என்ற வரியை எடுத்து நீட்டியிருப்பீர்கள்.

கடுமையாகத்தான் எழுதிவிட்டேன். ஆனால் முகம் தெரியாதவரின் கணினிக்காக வழு அறிக்கை வரை போன ஆள் நீங்கள். பலர் அங்கே நிற்பதே இல்லை. கோப்பு பலிக்கவில்லை என்றால் “மறுபடி நிறுவிப் பாருங்கள்” என்று நழுவிவிடுவார்கள். நிறுவியதும் தடயம் போய்விடும், அதே மாடலை வைத்திருக்கும் அடுத்தவருக்கு அதே கோளாறு காத்திருக்கும். நீங்கள் அங்கே நின்றீர்கள். களைப்பும் புரிகிறது. சரியானவர்கள் திரும்ப வருவதில்லை, சரியாகாதவர்கள் மட்டும் வந்துகொண்டே இருப்பார்கள். அந்தக் களைப்பில்தான் கோப்பு பிறந்திருக்கும். அதை எறியச் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டளைக்கும் பக்கத்தில் அது எதை மாற்றுகிறது, எந்தப் பதிப்புக்குப் பொருந்தும், எப்படித் திரும்பப் பெறுவது என்று மூன்று விஷயம் எழுதுங்கள். எழுத முடியாத வரிகளை மட்டும் அழித்துவிடுங்கள்.

அந்தப் பயனரை மறுபடி பிடியுங்கள். வழு அறிக்கை தயாரிக்கும் ரிப்போர்ட்பக்கை அவர் கணினியிலேயே ஓட்டச் சொல்லுங்கள். பதிப்பு, கெர்னல், சார்ந்திருக்கும் தொகுப்புகள் எல்லாம் தானாகவே சேரும். அதைப் பழைய வழு எண்ணுக்கான மறுமொழியாக அனுப்புங்கள், புதிதாக ஒன்று திறக்க வேண்டாம். கடைசியாக எழுந்த கெர்னலின் முழுப் பதிப்பு எண், முதலில் எழாததன் எண், கேப்ஸ் லாக் சோதனையில் என்ன ஆயிற்று, பிஎம்_டெஸ்ட் எந்தப் படியில் நின்றது, இரண்டு கெர்னல்களிலும் எடுத்த கெர்னல் பதிவுகள். பதிவைத் திரையில் புகைப்படம் எடுத்து அனுப்பாதீர்கள், எழுத்துக் கோப்பாக இணையுங்கள். ‘மோர்இன்ஃபோ’ முத்திரையை அப்போது நீங்களே எடுத்துவிடலாம். தீவிரத்தை மட்டும் தொடாதீர்கள்.