மலை நெடுஞ்சாலையில் விலங்குகளுக்குப் பாலம் கட்டினால் பலன் உண்டா? அங்கே வாகன நெரிசலைக் குறைக்க என்ன வழி?

நிச்சயமாக உண்டு. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் டிரான்ஸ்-கனடா நெடுஞ்சாலையை நான்கு வழியாக்கியபோது, 2.4 மீட்டர் உயர வேலியோடு 6 மேம்பாலங்களும் 38 சுரங்க வழிகளும் படிப்படியாக அமைத்தார்கள். விலங்குகள் மீது வாகனங்கள் மோதுவது 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. வேலி இல்லாமல் பாலம் மட்டும் கட்டுவது வீண் செலவு என்பேன். விலங்குகளைப் பாலத்துக்குத் திருப்பிவிடுவதே வேலிதான். அப்புறம், கிரிஸ்லி கரடிக்கு அகலமான, திறந்த மேம்பாலம் பிடிக்கும். பூமா என்ற பெரிய பூனையினக் காட்டு விலங்கும் கருங்கரடியும் குறுகலான, மறைவான வழியையே நாடும். ஆகவே இரண்டு வகையும் தேவை. விலங்குகள் இவற்றுக்குப் பழகச் சில ஆண்டுகள் ஆகும். முதல் வருடமே பலன் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்!

வாகன நெரிசலைக் குறைக்கப் பேருந்துதான் வழி. அதே பான்ஃப் பூங்காவில் உள்ள மொரெய்ன் ஏரிச் சாலையில் 2023 முதல் சொந்தக் காருக்கு அனுமதி கிடையாது.