17 வயதுத் தம்பி கொலை வழக்கில் மத்திய சிறையில்

உங்கள் தம்பி ரிமாண்ட் ஆகிவிட்டாலும், அவனுக்கு 18 ஆகவில்லை என்ற வாதத்தை இப்போதும் எழுப்பலாம், சகோதரி. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 9 எந்தக் கட்டத்திலும் இடம் தருகிறது. நாளைக்கே மாஜிஸ்திரேட்டிடம் மனு போடுங்கள். 18 நிறையாத பிள்ளையைச் சிறையில் வைக்கக் கூடாது.

கைதுக் குறிப்பில் 19 என்றிருக்கிறதே, மீசையைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

பீரோவிலிருந்து பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எடுங்கள். கைதான நாளை விடுங்கள், சம்பவ நாளன்று வயது என்ன என்று எண்ணுங்கள். பள்ளிச் சான்று இல்லையென்றால் நகராட்சிப் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்பை வைத்து வயதைக் கணிக்கும் பரிசோதனை. ஆதாரை வயதுச் சான்றாக நம்பாதீர்கள்.

ஒன்று கவனம்: கொலை வழக்கு, அவனும் 16 தாண்டியவன் என்பதால், சிறார் வழக்குகளைப் பார்க்கும் இளைஞர் நீதிக் குழுமம் அவனுடைய மன, உடல் திறனை முதற்கட்டமாக மதிப்பீடு செய்யும். பெரியவர்களைப் போல விசாரிக்கவும் அனுப்பலாம். அதற்கு முன்பே வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும். காசில்லை என்று தயங்காதீர்கள், சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்து இலவச வக்கீல் கேளுங்கள்.